வயதான மட்டக்குதிரைக்கு எப்படி விடை கொடுப்பது? நான்கு வழிகளை எடைபோட்டால்…

"சாப்பிடுகிறது. ஆனால் மெலிந்துகொண்டே போகிறது. இப்போதே முடிவு எடுக்கணுமா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?"

வயதான குதிரை வைத்திருப்பவர்களின் கேள்வி பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வரும். கேட்பவருக்குப் பதில் பாதி தெரிந்திருக்கும். மீதியை வேறு யாராவது வாய்விட்டுச் சொன்னால் தேவலை என்றிருக்கும். இரண்டு மட்டக்குதிரைகளை நான் வழியனுப்பியிருக்கிறேன். மணியைத் தப்பாக, சிட்டுவை ஓரளவு சரியாக. அந்த இரண்டு அனுபவங்களையும், இடையில் கால்நடை மருத்துவரிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

மட்டக்குதிரையின் 'மட்டம்' உயரத்துக்கு மட்டும்தான். தோள்மேடு சுமார் 148 சென்டிமீட்டருக்குள் இருந்தால் அது மட்டக்குதிரை. ஆயுளில் அது யாருக்கும் மட்டமில்லை. 30 வயதைத் தாண்டுவது அபூர்வமல்ல. இங்கிலாந்தில் 'ஓல்ட் பில்லி' என்ற படகு இழுத்த குதிரை 1760இல் பிறந்து 1822 வரை, 62 ஆண்டுகள் இருந்ததாகப் பதிவு உண்டு. அந்தக் கதையைக் கேட்டுவிட்டு "நம்முடையதற்கு 29தானே ஆகிறது" என்று கணக்குப் போடாதீர்கள். நான் போட்டேன்.

இன்னொன்று, இந்தச் சொல். 'கருணைக்கொலை' என்று சொல்லும்போதே அதற்குள் கொலை உட்கார்ந்திருக்கிறது. பலர் முடிவைத் தள்ளிப்போடுவதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 'தூங்க வைப்பது' என்பது அதற்கு நேர் எதிர். அது உண்மையை மறைத்துவிடுகிறது. இந்தக் கட்டுரையில் 'விடை கொடுப்பது' என்றே எழுதுகிறேன். ஆனால் மருத்துவரிடம் பேசும்போது சுற்றி வளைக்காமல் பேசுங்கள்.

## முதலில், எதை வைத்து அளப்பது?

படுத்து எழுகிறதா? என் பட்டியலில் இதுதான் முதலிடம். பலர் கவனிக்கவே கவனிக்காததும் இதுதான். குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஆழ்ந்த கனவுத் தூக்கம் வேண்டுமென்றால் அது படுத்தாக வேண்டும். ஒரு நாளைக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் போதும்; அது கட்டாயம் வேண்டும். மூட்டுவலி உள்ள குதிரை, படுத்தால் எழ முடியாதோ என்ற பயத்தில் படுப்பதையே நிறுத்திவிடும். நாள்கணக்கில் அப்படி ஓடினால் நின்றபடியே கண்ணயர்ந்து முன்னங்கால் மடங்கிச் சரியும், திடுக்கிட்டு நிமிரும், மறுபடி சரியும். முன்னங்காலின் முட்டியிலும் கணுவின் முன்பக்கத்திலும் காரணம் தெரியாத சிராய்ப்பு இருந்தால் இதைச் சந்தேகியுங்கள். காலையில் போய் வயிற்றுப் பக்கத்தில் புல்லோ மண்ணோ ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாலே ராத்திரி படுத்ததா இல்லையா என்று தெரிந்துவிடும்.

வாய். குதிரையின் கடைவாய்ப்பல் வாழ்நாள் முழுக்க ஆண்டுக்கு 2–3 மில்லிமீட்டர் வெளியே வந்துகொண்டிருக்கும், தேய்ந்துகொண்டும் இருக்கும். உள்ளே இருக்கும் கையிருப்பு இருபதுகளின் பிற்பாதியில் தீர ஆரம்பிக்கும். அப்புறம் புல்லை மென்று மென்று, விழுங்க முடியாமல் உருண்டையாகக் கீழே துப்பும். தொட்டிக்குப் பக்கத்தில் அந்த ஈர உருண்டைகளைப் பார்த்தால் விஷயம் அதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்ற பழமொழியை மனிதர்களைக் கிண்டல் செய்யத்தான் சொல்வோம். ஆனால் குதிரை விஷயத்தில் அதன் முதல் பாதி அப்படியே உண்மை. கடும் வலியிலும் கொள்ளுக்கு வாயைத் திறக்கும். "நன்றாகத்தானே சாப்பிடுகிறது" என்பதை நலத்துக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பசி கடைசியாகப் போகும் விஷயங்களில் ஒன்று.

குளம்பு. முன்னங்கால்களை முன்னே நீட்டி, பாரத்தைப் பின்னால் போட்டு நின்றால் அது லேமினைட்டிஸ் என்னும் குளம்பு அழற்சியாக இருக்கலாம். குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் திசு வீங்கி நைந்துபோகும் நோய் அது. முற்றினால் எலும்பே இடம் மாறிவிடும். மட்டக்குதிரைகளுக்கு இது அதிகம் வரும்.

முகம். குதிரை வேட்டையாடப்படும் விலங்கு. வலியை மறைப்பது அதன் பிழைப்பு. ஆனாலும் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பின்னோக்கி விறைத்த காது, இறுகிய கண், கண்ணுக்கு மேலே துருத்தும் எலும்பு, கட்டிதட்டிய தாடைத் தசை, இறுகிய வாய், விரிந்த மூக்குத்துளை ஆகிய ஆறையும் வைத்து 2014இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு முக அளவுகோலையே வெளியிட்டார்கள். யாரும் பக்கத்தில் இல்லாதபோது தூரத்திலிருந்து பாருங்கள். நம்மைக் கண்டதும் காதை நிமிர்த்திவிடும்.

பிடித்த விஷயங்கள். உங்கள் குதிரைக்குப் பிடித்தது என்ன என்று நான்கைந்தை ஒரு தாளில் எழுதுங்கள். மணலில் புரள்வது, கூட்டாளியின் கழுத்தைச் சொறிவது, வாசல் சத்தம் கேட்டுக் கனைப்பது. அவற்றில் எத்தனை மிச்சமிருக்கின்றன? தினம் பார்ப்பவர் கண்ணுக்கு மெதுவான சரிவு தெரியாது. ஆறு மாதத்துக்கு முன் எடுத்த படத்தை இன்றைய படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். உடல் நிலைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் தரும் ஹென்னக்கே அளவுமுறை ஒன்று உண்டு, 1983இல் வந்தது. மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுப் பழகிக்கொண்டால் மாதாமாதம் நீங்களே போடலாம்.

முன்னால் இருக்கும் பருவம். இன்று எப்படி இருக்கிறது என்பது பாதிக் கேள்வி. வரப்போகும் கடுங்குளிரையோ அடைமழைச் சேற்றையோ தாங்குமா என்பது மீதி. பல் போன குதிரையால் நார்த்தீனி அதிகம் தின்ன முடியாது. குடலில் நார் நொதிக்கும்போது வரும் சூடுதான் அதற்குக் குளிர்காலக் கணப்பு.

அப்புறம், நீங்கள். உங்கள் உடம்பு, நேரம், பணம். இதை அளவுகோலில் சேர்க்க வெட்கப்படுகிறவர்களே அதிகம். ராத்திரி இரண்டு மணிக்கு 250 கிலோ உடம்பு சரிந்து கிடந்தால் உங்களால் என்ன செய்ய முடியும் என்பதும் அந்தக் குதிரையின் நலத்தைச் சேர்ந்த விஷயம்தான்.

## வழி 1: மருந்தும் கவனிப்புமாகத் தொடர்வது

எல்லோரும் முதலில் வந்து நிற்கும் இடம் இது. நிற்கவும் வேண்டும். 'வயசாகிவிட்டது' என்று நாம் ஒதுக்குகிற பலவற்றுக்குப் பெயரும் மருந்தும் உண்டு. முடி உதிராமல் நீளமாகச் சுருண்டு நிற்பது, முதுகுச் சதை கரைந்து வயிறு மட்டும் தொங்குவது, அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி குளம்பில் சீழ் கட்டுவது எல்லாம் பிட்யூட்டரி சுரப்பிக் கோளாறின் அறிகுறிகளாக இருக்கலாம். குஷிங் நோய் என்று பரவலாகச் சொல்வார்கள். 15 வயதைத் தாண்டிய குதிரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது இருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். பெர்கோலைடு மாத்திரை தினமும், ஆயுள் முழுக்க. ஒரு மாத்திரையில் இரண்டு மூன்று நல்ல ஆண்டுகள் கிடைத்த குதிரைகள் உண்டு. ஆகவே பரிசோதனை செய்யாமலே விடை கொடுப்பதைப் பற்றி யோசிக்க ஆரம்பிக்காதீர்கள்.

மறைந்திருக்கும் செலவு மருந்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. 250 கிலோ மட்டக்குதிரைக்கு நாளைக்கு ஏறக்குறைய 4 முதல் 5 கிலோ உலர்தீனி வேண்டும். மெல்ல முடியாது என்றால் அவ்வளவையும் ஊறவைத்துக் கூழாக்கித் தர வேண்டும். குதிரையின் இரைப்பை சின்னது. ஒரே வேளையில் கொட்ட முடியாது. நாலைந்து வேளையாகப் பிரிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஊறும் நேரம் வேறு. பச்சைக் குழந்தை இருக்கும் வீடு மாதிரிதான். ஒரு ராத்திரி வெளியே தங்க வேண்டும் என்றாலும் இன்னொரு ஆளைப் பழக்கிவிட்டுத்தான் போக முடியும்.

வலி நிவாரணியிலும் ஒரு கணக்கு உண்டு. குதிரைகளுக்கு அதிகம் தரும் ஃபினைல்பியூட்டாசோன் மூட்டுவலிக்கு நன்றாக வேலை செய்யும். நீண்ட காலம் கொடுத்தால் இரைப்பையிலும் பெருங்குடலிலும் புண் வரலாம், சிறுநீரகம் அடிவாங்கலாம், அதுவும் தண்ணீர் குறைவாகக் குடிக்கிற நாள்களில். பெர்கோலைடு தொடங்கிய முதல் வாரங்களில் சிலவற்றுக்குப் பசி மந்தமாகும். இதெல்லாம் சமாளிக்கக்கூடியதே. ஆனால் மருந்து வேலை செய்யும் நேரத்தில் குதிரையைப் பார்த்துவிட்டு "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன்னால் போய்ப் பாருங்கள்.

இன்னொரு அடையாளம், குளம்பு சீவ ஆள் வரும் நாள். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை அவர் வந்தாக வேண்டும். ஒரு காலைத் தூக்கினால் மற்ற மூன்று கால்களும் பாரம் தாங்க வேண்டும். அது முடியாமல் நடுங்குகிற நாள் வரும். மணி விஷயத்தில் எனக்கு முதலில் எச்சரித்தது மருத்துவர் இல்லை, குளம்பு சீவியவர்தான். "அடுத்த தடவை நான் வரணுமான்னு யோசிச்சுக்குங்க" என்றார். நான் அவரிடம் கோபப்பட்டேன்.

நோய்க்குப் பெயர் தெரிந்து, மருந்துக்கு ஒன்றிரண்டு மாதத்தில் உடம்பு தேறி, வீட்டில் ஆளும் இருந்தால் இதுதான் சரியான வழி. ஒரே ஒரு நிபந்தனை: எங்கே நிறுத்துவது என்ற கோட்டை இப்போதே போட்டுவிடுங்கள். "படுப்பதை நிறுத்தினாலோ, மறுபடி குளம்பு அழற்சி வந்தாலோ, எடை இன்னும் ஒரு படி இறங்கினாலோ தொடர மாட்டேன்" என்று தேதி போட்டு எழுதி மருத்துவரிடமும் சொல்லி வையுங்கள். எழுதாத கோடு மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும்.

## வழி 2: வேறு கைக்கு மாற்றுவது

ஓய்வுபெற்ற குதிரைகளை வைத்துப் பார்க்கும் பண்ணைகளும் காப்பகங்களும் இருக்கின்றன. தனிக்குதிரைக்குத் துணை தேடுகிற தனிநபர்களும் உண்டு. சவாரிக்கு ஆகாது, மற்றபடி திடமாக இருக்கிறது என்கிற 18–20 வயதுக் குதிரைக்கு இது நல்ல வழி. உரிமையாளருக்கே நோய், இடம் போய்விட்டது, வேறு நாட்டுக்குக் குடிபெயர்கிறார் என்றால் வேறு வழியும் இருக்காது.

முப்பதை நெருங்கிய, நோயுள்ள மட்டக்குதிரைக்கு இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மன உளைச்சலில் தீனியை விட்டால் பெரிய குதிரையைவிட மட்டக்குதிரையும் கழுதையும்தான் அதிக ஆபத்தில் விழும். பட்டினியைச் சமாளிக்க உடம்பு கொழுப்பை ரத்தத்தில் கொட்டும், ஈரலில் கொழுப்பு படியும், உயிருக்கே ஆபத்தாகலாம். வண்டிப் பயணம், புது இடம், பழைய கூட்டாளியைப் பிரிவது மூன்றும் ஒரே நாளில் நடந்தால் அது தீனியை விடுவதற்கு வேறு காரணம் தேவையில்லை.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே தலைகீழ். தானம் கொடுப்பவர்தான் வாங்குகிறவரை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டும். இலவசமாக வாங்கி, வலி நிவாரணியைக் கொடுத்து, நொண்டாத இரண்டு மணி நேரத்தில் "குழந்தைகள் சவாரிக்கு உகந்தது" என்று விற்றுவிடும் ஆட்கள் இருக்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: வேண்டாம் என்றால் உங்களுக்கே திருப்பித் தர வேண்டும், கைமாற்றக் கூடாது, கடைசி முடிவை யார் எடுப்பது, செலவு யாருடையது.

இந்த வழியைத் தேடுகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: குதிரைக்கு நல்ல இடம் தேடுகிறீர்களா, அந்தக் கடைசி நாளை இன்னொருவர் தலையில் கட்டப் பார்க்கிறீர்களா? இரண்டாவதாக இருந்தாலும் நான் உங்களைக் கெட்டவர் என்று நினைக்க மாட்டேன். ஆனால் குதிரைக்கு அதனால் லாபமில்லை.

## வழி 3: 'இயற்கையாகப் போகட்டும்'

காதுக்கு எல்லாவற்றையும்விட இதமானது இதுதான். புல்வெளியில் ஒரு காலையில் தூக்கத்திலேயே போய்விடும் என்ற படம் நம் எல்லோர் மனசிலும் இருக்கிறது. அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் அது அபூர்வம்.

வயதான குதிரை சாகும் விதங்களில் முக்கியமானது சூலை, அதாவது கடும் வயிற்றுவலி. வயதான மட்டக்குதிரைகளின் வயிற்றுக்குள் காம்புள்ள கொழுப்புக் கட்டிகள் வளரும். கட்டி தானாகத் தீங்கு செய்யாது. ஒருநாள் அதன் காம்பு குடலைச் சுற்றிக் கயிறுபோல் இறுக்கிவிடலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, வலியில் விழுந்து புரளும், வியர்த்துக் கொட்டும். மணிக்கணக்கில் நீளும் சாவு அது. அறுவைசிகிச்சை உண்டு, ஆனால் முப்பது வயது உடம்பைப் படுக்கவைத்து அறுத்து எழுப்புவதை யாரும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு விதம், விழுந்து எழ முடியாமல் போவது. மணிக்கு நடந்தது அதுதான். 31 வயது. இரண்டு மாதமாக நாள் குறிக்கலாமா என்று பேசி, ஒவ்வொரு ஞாயிறும் "அடுத்த வாரம் பார்ப்போம்" என்று தள்ளினோம். ஒரு மழை இரவில் சரிவான இடத்தில் கால்கள் மேட்டுப் பக்கமாக விழுந்துவிட்டது. எப்போது விழுந்தது என்று தெரியாது. விடியற்காலையில் பார்த்தபோது சுற்றிலும் சேறு அரைவட்டமாகத் தோண்டப்பட்டிருந்தது, எழ முயன்று முயன்று. பெரிய விலங்கு நெடுநேரம் ஒரே பக்கமாகக் கிடந்தால் சொந்த எடையே கீழ்ப்பக்கத் தசையை நசுக்கும், நுரையீரலை அழுத்தும். மருத்துவர் வர மூன்று மணி நேரம் ஆயிற்று. அவர்மேல் தப்பில்லை, அவர் வேறோர் அவசரத்தில் இருந்தார். அந்த மூன்று மணி நேரமும் அதன் தலை என் மடியில் இருந்தது. 'இயற்கையாகப் போகட்டும்' என்று யாராவது சொல்லும்போது எனக்கு அந்தச் சேற்று அரைவட்டம்தான் ஞாபகம் வரும். ஆகவே இந்தப் பகுதியில் நான் நடுநிலையாக இல்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனாலும் உயிரை எடுப்பதை மனசாட்சியோ நம்பிக்கையோ அனுமதிக்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது விட்டுவிடுவதற்கான வழியாக இருக்கக் கூடாது. இருப்பதிலேயே அதிக உழைப்பு கேட்கும் வழி இதுதான். சமதளமான, ஆழமாகப் படுக்கை போட்ட இடம், இரவில் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்ப்பது, கூப்பிட்டால் வரக்கூடிய மருத்துவர், வலிக்கு முழு மருந்து. கால் முறிவுக்கும் குடல் முறுக்குக்கும் மட்டுமாவது விதிவிலக்கு உண்டா என்று வீட்டில் முன்கூட்டியே பேசி முடித்திருக்க வேண்டும். பணம், தூக்கம் இரண்டிலும் முதல் வழியைவிட இது அதிகமாகவே கேட்கும்.

## வழி 4: நாள் குறித்து விடை கொடுப்பது

இதன் மறைந்த விலை பணமல்ல. அந்த நாள் காலையில் குதிரை நன்றாக இருக்கும். வெயிலில் நிற்கும், உங்களைப் பார்த்துக் கனைக்கும். "இதையா…" என்று நெஞ்சு அடைக்கும். அந்தக் குற்ற உணர்வை நீங்கள் சுமந்துதான் ஆக வேண்டும், அதற்கு மருந்து கிடையாது. ஆனால் நாள் குறிப்பதன் பொருளே அதுதான்: கெட்ட நாளுக்குக் காத்திருக்காமல், நல்ல நாள்களில் ஒன்றையே கடைசியாக்குவது.

கைமேல் கிடைப்பது நிறைய. மருத்துவர் அவசரமில்லாமல் வருவார். சமதளமான, வண்டி வரக்கூடிய இடத்தைத் தேர்ந்தெடுக்கலாம். கூட்டாளிக் குதிரைக்கும் குழந்தைகளுக்கும் நேரம் கிடைக்கும். இரவு அவசரக் கட்டணம் இல்லை. காப்பீடு இருந்தால் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளலாம். உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது அனுமதி வாங்காமல் செய்தால் பணம் தர மறுக்கும் காப்பீடுகள் உண்டு.

ஊசியா, துப்பாக்கியா? கேட்கவே கூசும் கேள்வி, ஆனால் கேட்டாக வேண்டும். ஊசி என்றால் முதலில் மயக்கமூட்டும் மருந்து. தலை தொங்கியதும் பென்டோபார்பிட்டல் போன்ற மருந்து அதிக அளவில் ரத்தக்குழாயில். பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் விழும், சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். விழுந்த பிறகு ஓரிரு ஆழ்ந்த மூச்சுகள் வரலாம், தசை துடிக்கலாம், கண் திறந்தே இருக்கும். நினைவு போன பிறகு உடம்பு தானாகச் செய்வது அது. முன்பே தெரியாதவர்கள் "இன்னும் சாகவில்லை" என்று பதறிப்போகிறார்கள். ரத்த ஓட்டம் பலவீனமான கிழக்குதிரைக்குச் சற்று நேரம் கூடலாம். பார்ப்பவர்களுக்கு இதுதான் அமைதியானது.

துப்பாக்கி, பயிற்சி பெற்றவர் கையில், கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். ஊசிக்குப் பயந்து மிரளும் குதிரைக்கு இதுவே நல்லது என்று பல மருத்துவர்கள் சொல்வார்கள். சத்தமும் ரத்தமும் உண்டு. நீங்கள் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது. யார் செய்யலாம் என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் பிறகுதான் தெரியும். பென்டோபார்பிட்டல் உடலிலேயே தங்கிவிடும், மண்ணிலும் நீண்ட நாள் சிதையாமல் கிடக்கும். அந்தச் சடலத்தைக் கொத்திய கழுகும் கடித்த நாயும் செத்த சம்பவங்கள் உண்டு. ஊசி என்றால் உடலை ஒரு மணி நேரம்கூடத் திறந்தவெளியில் காவலில்லாமல் விடக் கூடாது.

சிட்டுவுக்கு ஊசியைத் தேர்ந்தெடுத்தோம். குதிரையின் பயத்தையும் உங்கள் பயத்தையும் பிரித்துப் பார்த்துவிட்டு எதையும் தேர்ந்தெடுங்கள். இரண்டுமே சரியாகச் செய்தால் வலியில்லாதவை.

## ஒரே பார்வையில்

| வழி | எப்போது நல்லது | கண்ணுக்குத் தெரியாத செலவு | எப்போது கூடாது |
|---|---|---|---|
| மருந்தோடு தொடர்வது | நோய்க்குப் பெயரும் மருந்தும் இருந்து, படுத்து எழும்போது | நாளைக்கு நாலைந்து வேளை ஆள், மருந்தின் பக்கவிளைவு | கோட்டைத் தாண்டிய பிறகு |
| வேறு கைக்கு மாற்றுவது | திடமான, சவாரி மட்டும் நின்றுபோன குதிரை | என்ன ஆனது என்று தெரியாமல் போவது | நோயாளி, மிக வயதானது, ஒரே கூட்டாளியோடு வாழ்ந்தது |
| இயற்கைக்கு விடுவது | மனசாட்சி வேறு வழி தராதபோது, முழு நேரக் கவனிப்போடு | இரவுத் தூக்கம், அவசர அழைப்புகள் | குளம்பு அழற்சி முற்றியது, படுக்க முடியாதது |
| நாள் குறிப்பது | சரிவு தொடர்கிறது, கடினமான பருவம் வருகிறது | நல்ல நாளில் முடித்த குற்ற உணர்வு | பரிசோதனையே செய்யாதபோது |

உங்கள் குதிரை இரண்டு வரிசைகளில் ஒரே நேரத்தில் நிற்கலாம். சிட்டு ஏழு மாதம் முதல் வரிசையில் இருந்தது. அப்புறம்தான் கடைசி வரிசைக்கு வந்தோம்.

## உடலை என்ன செய்வது?

இதை முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க மூளை ஓடாது. புதைப்பது என்றால் உள்ளூர்ச் சட்டம் அனுமதிக்கிறதா என்று கேளுங்கள். கிணறு, ஓடை, நிலத்தடி நீரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். இயந்திரம் இல்லாமல் அந்த ஆழம் தோண்ட முடியாது. உறைந்த மண்ணிலும் சேற்றிலும் இயந்திரமும் திணறும், பருவத்தைப் பார்க்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம் அது. தனியாக எரித்துச் சாம்பல் தரும் இடங்கள் உண்டு. நான்கு வழிகளிலும் தனியே சேரும் பெரிய செலவு அதுதான். சேகரிக்கும் வண்டி வந்து எடுத்துப் போவது எளிது. ஆனால் வண்டியில் கயிறு கட்டி இழுத்து ஏற்றுவார்கள். அதை நின்று பார்க்காதீர்கள். வீட்டுக்குள் போய்விடுங்கள்.

## கூட இருந்த குதிரையும், குழந்தைகளும்

கூட்டாளியை உடலுக்குப் பக்கத்தில் விடுங்கள். முகர்ந்து பார்க்கும், சில நேரம் மூக்கால் தள்ளும், சில நேரம் ஒன்றும் செய்யாமல் திரும்பி மேயப் போய்விடும். எவ்வளவு நேரம் என்பதை அது முடிவு செய்யட்டும். திடீரென்று காணாமல் போனால் நாள்கணக்கில் வேலியோரம் ஓடிக் கூப்பிடும் குதிரைகள் உண்டு. தனியாக மிஞ்சுவது இன்னொரு வயதான குதிரை என்றால் அதற்குத் துணை யார் என்பதையும் முந்தியே யோசித்து வையுங்கள்.

குழந்தைகளிடம் 'தூங்கப் போகிறது' என்று சொல்லாதீர்கள். அன்று ராத்திரி அவர்களும் தூங்கப் போக வேண்டும். "ரொம்ப வலிக்கிறது, சரியாகாது, மருத்துவர் மருந்து கொடுப்பார், செத்துப்போகும், அப்போது வலிக்காது" என்று நேராகச் சொன்னால் அவர்களுக்குப் புரியும். முந்தின நாள் தேய்த்துவிடட்டும், பிடித்ததை ஊட்டட்டும். ஊசி போடும் நேரத்தில் கூட இருப்பதா வேண்டாமா என்பதில் பெரியவர்களையும் கட்டாயப்படுத்தாதீர்கள். நிற்க முடியாதவர் பதறினால் குதிரையும் பதறும். பழக்கமான அமைதியான ஒரு கை போதும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், எந்தப் பட்டியலிலும் வராது. வால் முடி வேண்டுமென்றால் முந்தின நாளே வெட்டி வையுங்கள். நீளமாக, வேரோடு ஒட்டி, நூலால் கட்டி. சிட்டுவின் வாலிலிருந்து ஒரு கற்றையை என் மகள் பின்னி வைத்திருக்கிறாள். மணியுடையது இல்லை. வண்டி சீக்கிரம் வந்துவிட்டது, எனக்குக் கத்தரிக்கோல் ஞாபகம் வந்தபோது அது வாசலைத் தாண்டிப் போயிருந்தது.